ஆபத்து முடியாத ஊரில் குழந்தை மனநல மருத்துவம்

குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் அளித்த தீர்ப்பைக் குழந்தை மனநல மருத்துவர்கள் படிக்க வேண்டும். சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றதோடு அது நிற்கவில்லை. அரசு அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித் தரவேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயைக் குழந்தைத் தொழிலாளர் நல நிதியில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. வீட்டில் உலை கொதிக்க வழி செய்யாமல் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்த முடியாது என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். அந்த உணர்வு சிகிச்சைக்கும் வேண்டும் என்பதே என் வாதம்.

உடல், உள்ளம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவத்தை ஜார்ஜ் எங்கல் 1977-இல் முன்வைத்தார். பிரிட்டனின் வைட் தீவில் ஆய்வு செய்த மைக்கேல் ரட்டர், குடும்பத் துன்பம் ஒன்று மட்டும் இருந்தால் குழந்தை பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது, பல சேரும்போதுதான் பாதிப்பு பெருகுகிறது என்று கண்டார். விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகள் நிறைந்த சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் துன்பங்கள் தனித்தனியாக வருவதில்லை. தீக்காயத்தோடு படுத்திருக்கும் அப்பா, வாங்கித் தீர்த்த அட்வான்ஸ், தீபாவளி முடிந்தபின் வேலையற்ற வாரங்கள் எல்லாம் ஒரே கூரையின்கீழ்ச் சேர்கின்றன.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோது ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். உதவிக்கும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அவர்களில் உண்டு. ஆகவே பட்டாசுத் தொழிலாளியின் வீட்டோடு பாதிப்பு நின்றுவிடுவதில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழகக் கடலோரத்தில் சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவித்தது. அந்த அனுபவம் இங்கே பாதிதான் உதவும். அதிர்ச்சிக்கான சிகிச்சை பெரிதும், நடந்தது முடிந்துவிட்டது, இப்போது நீ பத்திரமாக இருக்கிறாய் என்று குழந்தைக்கு உணர்த்துவதில் நிற்கிறது. இங்கே அம்மா மறுவாரம் இன்னொரு பயராபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, போகிறாள். 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் மறுபடியும் வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இந்நிலையில் ‘பயப்படாதே’ என்பது பொய். குழந்தையின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஆலையின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அதிகாரியும் அந்த வகையில் சிகிச்சையில் பங்குள்ளவரே.

முழுமைப் பார்வையின் பெயரால் மருந்தை ஒதுக்குவதும் தவறு. கடும் மனச்சோர்வுள்ள பதின்வயதுப் பெண்ணுக்கு மாத்திரை தேவைப்படலாம். கடன் தீரட்டும் என்று அவளைக் காக்க வைக்கக் கூடாது.

வெடிவிபத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் உயர்கல்வி வரையான செலவை அரசே ஏற்கும் என்று முதல்வர் 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்தார். வரவேற்கத்தக்க முடிவு. கல்வி உதவி பெறும் அப்பிள்ளைகளின் பட்டியலை, குடும்பத்தின் ஒப்புதலோடு, மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் பெறவேண்டும். 2022-இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் அவர்களைப் பள்ளியிலேயே, ஆசிரியர் துணையோடு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கட்டும்.