ஒரு ரூபாய்த் தீர்மானம்

கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் மேலாடைத் துணிக்குக் கணக்குக் கேட்கப்பட்ட வரலாறு, நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது. பொதுப்பணத்தைக் குறித்து ஆள்வோரைக் கேட்கும் அந்த உரிமை இந்நாட்டு மக்களாட்சியில் மெல்ல மெல்லவே வந்தது.

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1921இல் கூடிய சென்னைச் சட்டசபை, செலவுக் கோரிக்கைகளைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆயினும் காவல் போன்ற ‘ஒதுக்கப்பட்ட’ துறைகளில் சபை வெட்டிய தொகை இன்றியமையாதது என்று ஆளுநர் சான்றளித்துவிட்டால், வெட்டியது செல்லாது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்த உரிமை அது!

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் இந்நிலையை மாற்றியது. நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது. 1957 தேர்தலில் தி.மு.க. மக்களவைக்கு அனுப்பிய இருவருள் ஒருவர், திருவண்ணாமலையில் வென்ற தருமலிங்கம். பெரும்பான்மை இல்லாத அத்தகைய உறுப்பினர்க்கும் ஒரு கருவி உண்டு. ஒரு துறையின் கொள்கையை ஏற்காதவர், அதன் கோரிக்கையை ஒரே ரூபாயாகக் குறைக்க வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கோடிகளுக்கு எதிரே ஒரு ரூபாய்! தோற்பது ஏறத்தாழ உறுதிதான். எனினும் விவாதம் நடந்தால் அமைச்சர் விடை சொல்லியாக வேண்டும்.

நடந்தால் என்பதே சிக்கல். மக்களவையில் குறித்த நாட்கள் முடிந்ததும், எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தும் விவாதமின்றியே வாக்குக்கு விடப்படுகின்றன. இதற்குக் ‘கில்லட்டின்’ என்று பெயர். தலை வெட்டும் பொறியின் பெயர்தான். வெட்டுண்பது செலவன்று, கேள்வி.