திருகோணமலைக் கரையின் தாவர எண்ணெய்களும் முகப்பரு மருத்துவமும்

உவர்மலை எனத் தமிழிலும் ஓர்ஸ் ஹில் என ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பெயராலும் வழங்கும் மேட்டுநிலம் திருகோணமலை உள்துறைமுகத்தை அடுத்து அமைந்துள்ளது. இத்துறைமுகத்தின் வரலாற்றிலே எண்ணெய் என்ற சொல் எழுந்தவுடன் மாணாக்கர் மனத்தில் முதலில் தோன்றுவன சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளே. இரண்டு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் தம் கடற்படைக்கென ஏறத்தாழ நூறு தாங்கிகளைக் காட்டினிடையே நிறுவினர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியமையும், 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டமையும், பின்னர் தாங்கிகள் பற்றி எழுந்த பிணக்குகளும் அரசியல் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆயின் இதே கரையில் நிலநெய் வந்திறங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே வேறோர் எண்ணெய் வரலாறு இருந்தது. புன்னை, இலுப்பை, வேம்பு, எள், தெங்கு ஆகியவற்றின் வரலாறு அது. விளக்கிலும் அடுப்பிலும் உடலிலும் நாள்தோறும் செலவான அவ்வெண்ணெய்களுக்குக் கணக்கேடு வைத்தார் எவருமிலர்.

அவ்வரலாற்றின் ஒரு சிறு கூறே இக்கட்டுரையின் பொருள். இளமைப் பருவத்து முகத்திலே தோன்றும் பருவுக்கு நம் முன்னோர் தாவர எண்ணெய் பூசி நலங்கண்டனர் என்ற கருத்து இன்று பெரிதும் பரவியுள்ளது. கடைகளில் விற்கப்படும் சிறு குப்பிகள் பலவும் 'பாரம்பரியம்' என்ற சொல்லைத் தாங்கியே வருகின்றன. முன்னோர் உண்மையில் அவ்வாறு செய்தனரா என்பதை ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் எண்ணெய் என்ற சொல்லை நோக்குதல் தகும். எள்ளின் நெய்யே எண்ணெய். காலப்போக்கில் அது பொதுப்பெயராகிவிட, எள்ளிலிருந்து எடுத்ததை 'நல்லெண்ணெய்' என வேறுபடுத்த வேண்டியதாயிற்று. 'தேங்காயெண்ணெய்' என்பது சொல்லளவில் தேங்காயின் எள்நெய் என நகைப்புக்கிடமாக நின்றுவிடினும், தமிழர் உடலுக்குப் பூசிய முதன்மை நெய் எள்நெய்யே என்பதற்கு அச்சொல்லாட்சி ஒரு சான்றாகும். மருத்துவ நூல்களில் 'தைலம்' எனப்படுவதும் எள்ளைக் குறிக்கும் 'திலம்' என்ற வடசொல்லடியாகப் பிறந்ததே.

நெய்தல் நிலத்துக்கு உரியதாகப் பண்டைப் புலவர் பாடிய புன்னை கீழைக்கரையின் மணலிலும் உப்புக்காற்றிலும் செழித்து வளர்வது. அதன் விதையிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறை பொறுமை வேண்டுவது. புதிதாக விழுந்த விதையின் பருப்பிலே எண்ணெய் மிகக் குறைவு. ஓட்டை நீக்கி வாரக்கணக்கில் உலரவிட்ட பின்னரே பருப்பு கருஞ்சிவப்பேறி, ஒட்டுந்தன்மையும் மணமும் பெற்று, பச்சை நிறம் கலந்த கெட்டியான எண்ணெயைத் தருகின்றது. இலங்கையில் அது விளக்கெரிக்கவும், மூட்டுநோவுக்கும் சொறி சிரங்குக்கும் புண்ணுக்கும் பூசவும் பயன்பட்டது. பசுபிக்குத் தீவினரும் அதே மரத்தின் எண்ணெயைப் புண்ணுக்கு இட்டனர். ஐரோப்பிய அழகுப் பொருள் வணிகம் 'தமானு' என்ற தாகித்தி மொழிப்பெயரால் அதனை இன்று விற்கின்றது. நம் கரையின் புன்னை வேற்றுப்பெயர் பூண்டு நம் கடைகளுக்கே திரும்பி வருவது வணிக வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தெங்கின் நெய்யோ பெரிதும் கூந்தலுக்கு உரியதாக இருந்தது. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில், பெண்கள் தலைமயிரைத் தேங்காயெண்ணெய் தடவிப் பேணியதைக் குறித்துள்ளார். அவர் கண்டது சிங்கள நாட்டு வழக்காயினும் கரைநாட்டுத் தமிழர் வழக்கும் அதனின் வேறுபட்டதன்று.

எனினும் எண்ணெய் பூசிய செய்தியோடு நின்றுவிடின் மரபின் பாதியையே கண்டவராவோம். எண்ணெய் முழுக்கு என்ற தொடரில் எண்ணெயைப் போலவே முழுக்கும் இன்றியமையாதது. நல்லெண்ணெய் தேய்த்துச் சிறிது பொழுது ஊறியபின், சீயாக்காயும் பயற்றமாவும் அரைத்த இலுப்பைப் பிண்ணாக்கும் கொண்டு அவ்வெண்ணெயை முற்றாகப் போக்குவது முறை. இலுப்பைப் பிண்ணாக்கிலும் சீயாக்காயிலும் நுரைதரும் 'சப்போனின்' என்னும் பொருள் உள்ளது. சவர்க்காரம் வருமுன் சவர்க்காரத்தின் தொழிலைச் செய்தது அதுவே. இலுப்பை விதையின் நெய் கோயில் விளக்குக்கும், அதன் சக்கை தலையின் எண்ணெயைக் கழுவவும் சென்றமை ஒரே மரத்தில் அமைந்த நல்லதோர் ஒழுங்கு. முழுக்குக்கெனக் கிழமையில் குறித்த நாள்களே விதிக்கப்பட்டன. ஏனைய நாள்களில் உடலெங்கும் எண்ணெய் தோய நிற்றல் மரபாகாது. முகத்தில் எண்ணெயை இரவு முழுதும் விட்டுவைக்கும் இக்காலப் பழக்கத்தை இம்மரபின் தொடர்ச்சி எனக் கொள்வதற்கில்லை.

மருத்துவ நூல்கள் கூறுவது இன்னும் தெளிவானது. சுசுருத சங்கிதை இளமைப் பருவத்துப் பருவைத் தனி நோயாகவே பிரித்து, இலவமரத்து முள்ளைப் போன்று இளைஞர் முகத்தில் எழும் கட்டிகள் என உவமித்து, கபமும் வாதமும் இரத்தமும் அதற்கு ஏதுவென்கிறது. அதற்கு விதித்த சிகிச்சை எண்ணெயன்று. வாந்தி செய்வித்தலும், வசம்பு, வெள்ளிலோத்திரம், இந்துப்பு, கடுகு முதலியவற்றை அரைத்துப் பூசும் பற்றுமே அங்குக் கூறப்படுகின்றன. முகத்துக்குரிய தைலங்கள் இந்திய மருத்துவத்தில் இல்லாமலில்லை. குங்குமாதித் தைலம் பெயர்பெற்றது. ஆயினும் அதன் முதல் நோக்கம் முகத்தின் நிறமாற்றத்தையும் மங்கையும் போக்குவதே. கபம் மிகுந்து நெய்ப்புற்ற நோய்க்கு மேலும் நெய்ப்பைச் சேர்த்தல் அவர்தம் கொள்கைக்கே முரணாயிருந்திருக்கும். வாதபித்தகபக் கொள்கையை இன்று எவ்வாறு மதிப்பிடினும், எண்ணெய் வடியும் முகத்திற்கு உலர்த்தும் பற்றே ஏற்றது என்ற அவர்களது கண்டறிவு மதிக்கத்தக்கது. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களின் வழிவந்த ஈழத்துப் பரம்பரை வைத்தியரும் எண்ணெய், பற்று, குடிநீர் ஆகியவற்றை நோய்க்கேற்ப வேறுபடுத்தியே வழங்கினர். எல்லாத் தோல்நோய்க்கும் ஒரே எண்ணெய் என்ற எண்ணம் அவர்களுடையதன்று.

இனி நிலநெய்யின் பக்கம் திரும்புவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பரபின் ஆலைகளில் உழைத்தோரிடம் காணப்பட்ட 'எண்ணெய்ப் பரு' தொழில்நோய் மருத்துவத்தில் முன்பே பதிவான ஒன்று. எண்ணெய் ஊறிய துணி உராயும் தொடையிலும் முன்கையிலும் மயிர்க்கால்கள் அடைபட்டுக் கரும்புள்ளிகளும் கொப்புளங்களும் தோன்றும். இயந்திர அறைகளிலும் பட்டறைகளிலும் உழைப்போர்க்கு அது பழகிய துன்பம். இரண்டாம் உலகப்போரில் ஆசியாவின் வெப்பநாடுகளுக்கு வந்த படைவீரரிடையே முதுகிலும் தோளிலும் பெருங்கட்டிகளாக எழுந்த பருவை 'வெப்பமண்டலப் பரு' என இராணுவ மருத்துவர் தனியே பெயரிட்டு விவரித்தனர். வெம்மையும் வியர்வையும் ஈரப்பதமும் நிறைந்த இடத்தில், மயிர்க்காலை மூடும் எப்பொருளும் பருவைப் பெருக்கும் என்பது அவ்வனுபவங்களால் உறுதிப்பட்டது. திருகோணமலைத் துறைமுகமும் அத்தகைய காலநிலைக்கு உட்பட்டதே.

நிலநெய்க்குப் பொருந்தியது தாவர நெய்க்கும் பொருந்துமோ என்ற வினாவுக்கு விடை 1970இல் வரத் தொடங்கிற்று. அவ்வாண்டில் அமெரிக்காவில் பிளெவிக், புல்ற்றன், கிளிக்மன் ஆகிய மூவர், தலைக்குக் களிம்பு தடவிவந்த கறுப்பினத்தவரின் நெற்றியிலும் பொட்டிலும் தோன்றிய பருவை ஆராய்ந்து, அக்களிம்பே ஏதுவெனக் காட்டினர். கூந்தலில் இட்ட நெய் நெற்றிக்கு இறங்கிப் பருவாகும் அந்நிகழ்ச்சி, தேங்காயெண்ணெய் வழியச் சீவிய தலையோடு விரிவுரை மண்டபத்தில் வீற்றிருப்போர் பலர்க்கும் அயலானதன்று. 1989இல் புல்ற்றன் முயலின் காதில் பல பொருள்களைப் பூசி, மயிர்க்காலை அடைக்கும் ஆற்றலை வரிசைப்படுத்தினார். தேங்காயெண்ணெய் அதில் உயர்ந்த இடம் பெற்றது. முயற்காது மனிதத் தோலினும் எளிதில் அடைபடுவது; ஆகவே அவ்வரிசையை வேதவாக்காகக் கொள்ளுதலும் பிழையாகும்.

தேங்காயெண்ணெயின் பாதியளவு லோரிக்கு அமிலம். இவ்வமிலம் பருவோடு தொடர்புடைய கிருமியை ஆய்வுக்கூடத்தில் கொல்லவும் வல்லது. எனினும் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் மயிர்க்கால் இல்லை என்பதை மறத்தலாகாது. வெப்பநாட்டுத் தோலில் வாழும் 'மலசேசியா' என்ற பூஞ்சணம் கொழுப்பையே உணவாகக் கொள்வது. பருவை ஒத்த கொப்புளங்களை உண்டாக்கும் அதற்கு எண்ணெய் பூசுதல் விருந்திடுதலாகும். மறுபுறத்தில், 1986இல் டௌனிங் முதலியோர் பருவுடையார் தோல்நெய்யில் லினோலெயிக்கு அமிலம் குறைந்திருத்தலே அடைப்புக்கு ஒரு காரணமாகலாம் என்றனர். 1998இல் வெளியான ஒரு சிறு ஆய்விலே அவ்வமிலத்தை ஒரு திங்கள் பூசியதால் நுண்ணிய அடைப்புகளின் அளவு ஏறத்தாழ நாலிலொரு பங்கு சுருங்கியது. நல்லெண்ணெயில் இவ்வமிலம் ஏறத்தாழ 40 சதவீதம். புன்னை எண்ணெயில் மூன்றிலொரு பங்களவு. தேங்காயெண்ணெயிலோ 2 சதவீதமளவே. முழுக்குக்கு எள்நெய்யைத் தெரிந்தெடுத்தவர் இக்கணக்கை அறிந்திலர். ஆயினும் தெரிவு தவறவில்லை. இதனால் நல்லெண்ணெய் பருவுக்கு மருந்தென்று கூறத் துணிவதற்கில்லை. தனி அமிலத்தைப் பூசுதல் வேறு, முழு எண்ணெயைப் பூசுதல் வேறு.

மனிதரிடம் முறையாகச் சோதிக்கப்பட்ட தாவர எண்ணெய் ஒன்று உண்டு. அவுத்திரேலியாவின் 'தேயிலை மர' எண்ணெய் அது. இலங்கையர்க்கு இப்பெயர் மயக்கந் தருவது. மலைநாட்டுத் தேயிலைக்கும் அதற்கும் உறவே இல்லை. அது நாவல் மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1990இல் அவுத்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த சோதனையில், 5 சதவீத அளவில் அவ்வெண்ணெயைச் சேர்த்த குழைமம், பருவுக்கு வழங்கப்படும் பென்சொயில் பெரொக்சைட்டு மருந்தோடு ஒப்பிடப்பட்டது. இரண்டும் பயன்தந்தன. எண்ணெய் மெதுவாகவே வேலைசெய்தது, எரிச்சலோ குறைவு. கருதத்தக்கது யாதெனில், அது விதையைப் பிழிந்த கொழுப்பெண்ணெயன்று, இலையிலிருந்து வடித்த ஆவிநெய். அதனையும் நூற்றுக்கு ஐந்தாகக் கரைத்தே பூசினர். கரையாத நெய்யைப் பூசித் தோல் வெந்தோரும் உளர். புன்னை எண்ணெயும் சிலர்க்கு ஒவ்வாமையைத் தருவதாக மருத்துவ ஏடுகளில் பதிவுள்ளது.

தாவரத்திலிருந்து வந்ததாகலின் தீங்கற்றது என்ற வாதத்தை மரபு மருத்துவரே ஏற்றிலர். எட்டியும் சேங்கொட்டையும் தாவரங்களே. அவற்றைச் சுத்திசெய்யாது வழங்குதல் அவர்தம் நூல்களில் விலக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாது திங்கள்கணக்கில் எண்ணெய் பூசிக் காத்திருப்போர் இழப்பது பணம் மட்டுமன்று. ஆழ்ந்த பரு வடுவாக மாறுவதற்கு முன்னரே சிகிச்சை தொடங்கப்படல் வேண்டும். வடு விழுந்தபின் அதனை மாற்றுதல் அரிது. பதினெட்டு, இருபது வயதில் முகத்தை மறைத்து வகுப்பின் கடைசி இருக்கையை நாடுவோர்க்கு இது சிறுபொருளாகத் தோன்றாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இல் சித்த மருத்துவக் கற்கை தொடங்கியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இன்று அம்மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. உவர்மலைக்கு வடக்கே கடற்கரை வழியில் அமைந்த அவ்வளாகத்தின் மாணவர்க்குப் புன்னையும் வேம்பும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. எந்த எண்ணெயை, எத்தோலில், எவ்வளவு நேரம் விட்டு, எதனாற் கழுவினால் என்ன விளையும் என்பதை நோயாளரிடையே அளந்து எழுதும் பணி இன்னும் அங்குக் காத்திருக்கின்றது. ஏட்டில் உள்ள பற்றையும், முழுக்கின் பிண்ணாக்கையும் அவ்வளவைக்குள் சேர்த்தல் வேண்டும்.