வீதியில் வந்த உயிர்காப்புப் படகு

1886ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு. இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் கரையை அடுத்த கடலில் 'மெக்ஸிகோ' என்னும் ஜெர்மானியப் பாய்மரக் கப்பல் புயலில் சிக்கித் தரைதட்டியது. லித்தம், செயின்ட் ஆன்ஸ், சவுத்போர்ட் ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் மீட்புப் படகுகள் புறப்பட்டன. கப்பலில் இருந்த 12 பேரையும் லித்தம் படகு காப்பாற்றிவிட்டது. மற்ற இரண்டு படகுகளும் கவிழ்ந்தன. செயின்ட் ஆன்ஸ் படகில் சென்ற 13 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. சவுத்போர்ட் படகின் 16 பேரில் இருவரே பிழைத்தனர். ஆக, காக்கச் சென்றவர்களில் 27 பேர் மாண்டனர். இவர்கள் கடற்படை வீரர்கள் அல்லர். அழைப்பு வந்ததும் தாமாக முன்வந்து துடுப்பைப் பிடித்த கரையோர மக்கள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அக்காலத்து மீட்புப் படகுகள் கவிழ்ந்தாலும் தாமே நிமிரும்படி அமைக்கப்பட்டவை ஆயிற்றே? ஆம். இரு முனைகளிலும் உயரமான காற்றறைகள், அடியில் கனமான இரும்பு. படகு தலைகீழானால் காற்றறைகள் அதை நிலையாக மிதக்க விடா. மேலே வந்துவிட்ட அடிப்பாரம் ஒரு பக்கமாகச் சரிந்து படகைப் புரட்டிவிட வேண்டும். ஆனால் அன்று சவுத்போர்ட் படகு நிமிரவில்லை. மறு ஆண்டே, 1887இல், ஜி. எல். வாட்சன் என்னும் கப்பல் வடிவமைப்பாளர் ஆலோசகராக அமர்த்தப்பட்டார். நிமிரும் திறனைவிட எளிதில் கவிழாத தன்மைக்கே முதலிடம் தரும் படகுகளை அவர் வரைந்தார்.

புதிய படகு என்றால் பணம் வேண்டும். யார் கொடுப்பது?

இந்தப் பணியை நடத்தி வந்தது அரசு அன்று, ஓர் அறநிறுவனம். மான் தீவில் வாழ்ந்த சர் வில்லியம் ஹில்லரியின் வேண்டுகோளால் 1824 மார்ச் 4ஆம் நாள் லண்டனில் தோன்றியது அது. தொடக்கத்தில் நன்கொடைகள் குவிந்தன. பிறகு உற்சாகம் தணிந்தது. 1849இல் ஆண்டு வருமானம் சில நூறு பவுன்களாகச் சுருங்கிவிட்டது. 1854இல் 'ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன்' என்று பெயர் மாறியது. அரசின் மானியமும் அவ்வாண்டு முதல் கிடைத்தது. சிக்கல் தீர்ந்தது என்று நாம் நினைப்போம். நடந்ததோ வேறு! அரசுதான் கொடுக்கிறதே என்று பொதுமக்கள் கையை இழுத்துக்கொண்டனர். ஆகவே 1869இல் நிறுவனம் மானியத்தைத் தானே கைவிட்டது. துணிவான முடிவுதான், ஆனால் அதன் பிறகு பிழைப்பு முழுவதும் செல்வர்களின் மனத்தைப் பொறுத்ததாயிற்று.

மெக்ஸிகோ விபத்தில் இறந்தோரின் விதவைகளுக்கும் குழந்தைகளுக்குமாக 30,000 பவுனுக்கு மேல் திரண்டது. ஜெர்மானியப் பேரரசரும் விக்டோரியா அரசியும் கொடுத்தனர். ஒரு துயரம் நடந்தால் கொடுப்பவர்கள், துயரம் நேராதிருக்க ஏன் கொடுப்பதில்லை? செயின்ட் ஆன்ஸில் குடியிருந்த சார்லஸ் மக்காரா என்னும் பஞ்சாலை அதிபரை இக்கேள்வி விடவில்லை. கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். நிறுவனத்தின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நூறு பேரிடமிருந்தே வந்தது! கடலையே பாராத தொழில் நகரத்து மக்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

கடலுக்கு மக்கள் வராவிட்டால் படகு மக்களிடம் போகட்டும் என்று முடிவாயிற்று. 1891 அக்டோபர் 10, சனிக்கிழமை. மான்செஸ்டர் வீதிகளில் வாத்தியக் குழுக்களும் அலங்கார வண்டிகளும் முன்னும் பின்னும் வர, மீட்புப் படகுகள் ஊர்வலமாக இழுத்துச் செல்லப்பட்டன. நம் ஊர்த் தேரோட்டம் நினைவுக்கு வருகிறதல்லவா? உடன் வந்த பெண்கள் வாளி ஏந்திக் காசு திரட்டினர். டிராம் வண்டியின் மேல்தட்டில் இருப்பவரையும் மாடிச் சன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பவரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நீண்ட கழிகளின் நுனியில் பணப்பைகளைக் கட்டி அங்கும் நீட்டினர். ஒரே நாளில் 5,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. பதிவுகளில் காணும் முதல் தெரு வசூல் இதுவே என்பர்.

மக்காராவின் மனைவி மரியன் பெண்களைக் கொண்டு தனிக் குழு ஒன்றைத் தொடங்கினார். மற்ற நகரங்களும் இந்த 'லைஃப்போட் சனிக்கிழமை'யைப் பின்பற்றின.

2024இல் நிறுவனத்துக்கு 200 வயது நிறைந்தது. அதுவரை காப்பாற்றப்பட்ட உயிர்கள் 1,46,000க்கு மேல். இன்றும் படகில் செல்வோரில் மிகப் பெரும்பாலோர் தொண்டர்களே. செலவின் பெரும்பகுதி நன்கொடைதான். ஆனால் உண்டியலைவிடப் பெரிய வரவு இப்போது வேறொன்று: மக்கள் தம் உயிலில் எழுதிவைத்துப் போகும் தொகை.