ஹெலோவீன் இசைக்குழுவின் 'கமீலியன்' (1993)

'கமீலியன்' ஜெர்மனியின் ஹெலோவீன் இசைக்குழு வெளியிட்ட ஐந்தாவது முழுநீள இசைத்தொகுப்பு ஆகும். பவர் மெட்டல் என்னும் இசைவகைக்கு வடிவம் கொடுத்த குழுவே அதை விட்டு விலகிப் பாடியதால் இத்தொகுப்பு இன்றும் பேசப்படுகிறது. கமீலியன் என்றால் பச்சோந்தி. நிறம் மாறியிருக்கிறோம் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஹெலோவீன் 1984-இல் ஹாம்பர்க் நகரில் உருவானது. கை ஹான்சன், மைக்கேல் வைகாத் இருவரும் கிட்டார். மார்கஸ் க்ரோஸ்கோஃப் பேஸ் கிட்டார். இங்கோ ஷ்விக்டன்பெர்க் ட்ரம்ஸ். முதலில் ஹான்சனே பாடினார். பிறகு மைக்கேல் கிஸ்கே என்ற 18 வயது இளைஞர் பாடகராகச் சேர்ந்தார். 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த 'கீப்பர் ஆஃப் த செவன் கீஸ்' என்ற தொகுப்பின் இரு பாகங்களும் குழுவுக்கு உலகப் புகழைத் தந்தன. இரு கால்களாலும் மிதித்து வாசிக்கும் வேகமான ட்ரம்ஸ், ஒரே மெட்டை இணைந்து இழைக்கும் இரு கிட்டார்கள், உச்சத்தில் நிற்கும் குரல், கதைப்பாங்கான வரிகள் என்று இன்று பவர் மெட்டலின் இலக்கணமாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த இரு பாகங்களிலிருந்து எடுக்கப்பட்டவையே.

இரண்டாம் பாகம் வெளிவந்த சிறிது காலத்திலேயே ஹான்சன் விலகி 'காமா ரே' குழுவைத் தொடங்கினார். அவர் இடத்துக்கு ரோலண்ட் கிராப்போ வந்தார். நாய்ஸ் நிறுவனத்திலிருந்து ஈ.எம்.ஐ.க்கு மாறும் முயற்சி வழக்கில் சிக்கியதால், அடுத்த தொகுப்பு 1991-இல்தான் வந்தது. அதற்கு எதிர்பார்த்த வரவேற்பு இல்லை.

அதற்கு அடுத்து வந்ததே 'கமீலியன்'. 'கீப்பர்' பாகங்களைத் தயாரித்த டாமி ஹான்சனே இதையும் தயாரித்தார். ஆனால் பழைய ஓசை இல்லை. ஊதுகருவிகள், அக்கூஸ்டிக் கிட்டார், புளூஸ் சாயல், தாலாட்டுப்போல் செல்லும் 'விண்ட்மில்' என்று தொகுப்பு பல திசைகளில் போகிறது. அக்காலத்தில் அமெரிக்காவில் எழுந்த கிரஞ்ச் அலைக்கு இவர்கள் பணிந்துவிட்டார்கள் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. இதில் கிரஞ்ச் சாயல் ஏதுமில்லை. 1993-இல் மெட்டல் பாட்டில் ஊதுகருவியைச் சேர்ப்பது எந்த நாகரிகத்தையும் பின்பற்றியதாகாது.

உண்மையான காரணம் பாடல்களை எழுதியவர் பட்டியலிலேயே இருக்கிறது. மொத்தம் 12 பாடல்கள். வைகாத் 4, கிஸ்கே 4, கிராப்போ 4. இருவர் சேர்ந்து எழுதியது ஒன்றுகூட இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம்போல இருக்கிறது அந்தப் பட்டியல்! குழு ஒன்றுகூடிப் பாணியை மாற்றிக்கொள்ளவில்லை. மூவர் தத்தம் விருப்பப்படி எழுதியவை ஒரே உறைக்குள் வைக்கப்பட்டன. எழுதியவர் வாரியாக நான்கு நான்காகப் பிரித்துக் கேட்டுப் பார்த்தால் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். தனித்தனியே பல பாடல்கள் நன்றாகவே இருக்கின்றன. கிஸ்கேயின் குரலில் குறையே சொல்ல முடியாது.

கிராப்போ எழுதிய 'ஸ்டெப் அவுட் ஆஃப் ஹெல்' இங்கோவின் போதைப் பழக்கத்தை எண்ணி எழுதப்பட்டது. அந்தப் பாட்டுக்கும் ட்ரம்ஸ் வாசித்தவர் இங்கோதான். அவருக்கு மனச்சிதைவு நோயும் இருந்தது. 1993-இலேயே அவர் குழுவிலிருந்து நீங்க நேர்ந்தது. தொடர்ந்து கிஸ்கேயும் நீக்கப்பட்டார். ஈ.எம்.ஐ. ஒப்பந்தமும் முடிந்தது. புதிய பாடகர் ஆண்டி டெரிஸ், ட்ரம்ஸ் கலைஞர் ஊலி குஷ் ஆகியோருடன் 1994-இல் 'மாஸ்டர் ஆஃப் த ரிங்ஸ்' வந்தபோது குழு பழைய வேகத்துக்குத் திரும்பியிருந்தது.

இங்கோ 1995 மார்ச் 8 அன்று, 29-ஆம் வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹான்சன் காமா ரே தொகுப்பில் ஒரு பாடலையும், ஹெலோவீன் 1996-இல் 'த டைம் ஆஃப் த ஓத்' தொகுப்பையும், கிஸ்கே தமது முதல் தனித் தொகுப்பில் ஒரு பாடலையும் அவருக்குக் காணிக்கையாக்கினர். ஒரே நண்பருக்கான அஞ்சலி மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தது.

ஹான்சனும் கிஸ்கேயும் திரும்பிவந்து இப்போதைய உறுப்பினர்களோடு ஒரே மேடையில் நின்றது 2017-இல்தான். அந்தச் சுற்றுப்பயணத்தில், திரையில் இங்கோவின் பழைய காட்சி ஓட, இன்றைய ட்ரம்ஸ் கலைஞர் டானி லோபிள் அவரோடு சேர்ந்து வாசித்தார்.