உடுவில் கிணறும் செப்புக் குடமும்

சுண்ணாம்புக்கல் தரையிலுள்ள யாழ்ப்பாண உடுவிலில் மலக்குழிக் கசிவு கல்வெடிப்புகளினூடே கிணற்றை எட்டிவிடும். பிளாஸ்ரிக் வாளிகள் வருமுன் இங்குள்ள அடுக்களைகளில் நீர் வைக்கச் செம்புப் பாத்திரங்களும் பித்தளைப் பாத்திரங்களும் இருந்தன. அது வெறும் சம்பிரதாயமல்ல. மிகச் சொற்பச் செம்பும் வெள்ளியும் பாசியைக் கொல்வதைச் சுவிஸ் தாவரவியலர் நேகெலியின் ஆய்வு 1893இல் காட்டியது. 2012இல் வெளியான பெங்களூரு ஆய்வில், செப்புக் குடத்தில் 16 மணிநேரம் வைத்த நீரிலிருந்து வாந்திபேதிக் கிருமியை மீண்டும் வளர்க்க முடியவில்லை. கரைந்த செம்போ உலக சுகாதார நிறுவன வரம்புக்குள் அடங்கியது.

வெள்ளியின் இதே ஆற்றலைக் கொண்டு குடிநீரைச் சுத்திகரிக்க, 2013இல் சென்னை ஐஐடி ஆய்வாளர் பிரதீப்பின் குழு நுண்துளைப் பொருளில் வெள்ளி நானோ துகள்களைப் பதித்தது. ஒரே எடை வெள்ளியில் துகள் சிறுத்தால் மொத்த மேற்பரப்பு பெருகும். கசியும் வெள்ளி அயனிகள் கிருமியின் சவ்வையும் புரதங்களையும் சிதைக்கும். ஆனால் தோட்ட உரத்தால் கிணற்றில் சேரும் நைத்திரேற்றை வெள்ளி அகற்றாது. அதற்கு வேறு வடிகட்டி வேண்டும்.