அறிவு இடைவெளியும் பணிக்குழுத் தொடர்பாடலும்: கண்டிப் பெருந்தோட்டங்கள்

அறிவு இடைவெளி என்பது ஒரே வேலையில் ஈடுபட்டுள்ள குழுவினருள் ஒருசாரார் அறிந்தது மறுசாராரைச் சென்றடையாத நிலையாகும். கண்டி மலைநாட்டில் இது கோப்பிக் காலத்திலேயே வேரூன்றியது. 1854இல் கண்டியில் சங்கம் அமைத்துக்கொண்ட தோட்டத் துரைமார் காடழிப்பையும் நடுகையையும் ஆங்கிலத்தில் திட்டமிட, அவற்றைச் செய்துமுடித்த தொழிலாளரோ தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழராயிருந்தனர்.

இவ்விரு தரப்புக்கும் இடையில் நின்றவர் கங்காணி ஆவார். ஆள் திரட்டிய பெரியகங்காணியும், அவருக்குக் கீழே பெரும்பாலும் உறவினரைக் கொண்ட சிறு குழுக்களை நடத்திய சில்லறைக் கங்காணியும், செக்ரோல் எனப்படும் வரவுப் பதிவேட்டில் பேர் போட்ட கணக்கப்பிள்ளையும் ஓர் ஏணிவரிசையாக அமைந்தனர். அதிகாலையில் தப்பொலி கேட்டுத் தொழிலாளர் கூடும் பிரட்டில் துரையின் கட்டளை இவ்வரிசைவழியே இறங்கியது. தொழிலாளர் கங்காணிக்குக் கடன்பட்டிருந்தமையால், அவர்களுடைய குறைகளும் மண்ணையும் மழையையும் பற்றிய பட்டறிவும் அவ்வழியே மேலேறவில்லை. கடன் நிலையைக் காட்டிய ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. இரு தரப்பையும் அறிந்தவர் தாம் ஒருவரே என்பதில் கங்காணியின் செல்வாக்குத் தங்கியிருந்ததால், இடைவெளி குறைவது அவருக்கு உவப்பாக இருக்கவில்லை. உதவித் துரைமாரான சின்னத்துரைமாருக்காக எழுந்த ‘இங்கே வா’ முதலிய தமிழ்க் கைநூல்களும் பெரும்பாலும் வேலை ஏவுவதற்கே பயன்பட்டன.

அறிவியலாளருக்கும் தோட்டக்காரருக்கும் இடையிலும் இத்தகைய இடைவெளி இருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் தோன்றியபோது, பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கிருந்த பூஞ்சணவியலாளர் பார்க்லி அதனை ஒரு புதிய பூஞ்சணமாக விவரித்தார். தோட்டக்காரர் பலர் வானிலையையும் மண்ணின் வளக்குறைவையுமே காரணமாகக் கொண்டிருந்தனர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆய்வு செய்த மார்ஷல் வார்ட், நோய் வித்திகளால் பரவுவதையும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டது அப்பரவலுக்குத் துணைபோனதையும் தெளிவாக்கினார். உடனடி மருந்தை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அவ்விளக்கம் காலங்கடந்து கிடைத்தது. கோப்பித் தொழில் சிதைந்தது.

தேயிலையில் நிலைமை சற்று வேறுபட்டது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தமது பங்களா விறாந்தையிலேயே மேசைகளில் கொழுந்தைக் கையால் உருட்டவும் கரியடுப்பில் உலர்த்தவும் செய்தார். துரையும் தொழிலாளரும் ஒரே இடத்தில் நின்று செய்த இவ்வேலையில் அறிவு கைவழியே பரவியது. பணிக்குழுவின் அறிவு இடைவெளியைக் குறைப்பதற்கு மலைநாட்டு வரலாறு தரும் ஒரு சான்று இது.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992இல் தனியார் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. உரிமையும் முகாமையும் மாறியபோதிலும், வேலைப் பங்கீடு இன்றும் பிரட்டிலேயே நடைபெறுகின்றது.