குடற்பையும் குளிகையும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

வைத்திய வரலாறு பெரும்பாலும் சத்திரசிகிச்சை நிபுணரின் சாதனை வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1978இல் இலண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த அலன் பார்க்ஸ், ஜோன் நிக்கல்ஸ் ஆகியோர், புண்ணழற்சியுற்ற பெருங்குடலையும் மலக்குடலையும் அகற்றி, சிறுகுடலின் கடைப்பகுதியால் பையொன்றமைத்து மலவாசலுடன் இணைக்கும் முறையை வெளியிட்டனர். வயிற்றில் நிரந்தரத் துவாரமிடும் அவலம் பலருக்கு இதனால் நீங்கியது.

ஆயின் நீரை உறிஞ்சும் பெருங்குடல் இல்லாதவிடத்து மலம் இளகியே வெளியேறும். பகலில் ஐந்தாறு தடவையும் இரவில் ஒரு தடவையும் கழிப்பது பொதுவான அனுபவமாயிற்று. இங்குதான் மருந்தின் பங்கு தொடங்குகின்றது. அபினியிற் காணப்படும் கொடெயின் குடலசைவைத் தாமதப்படுத்துவது. ஆனால் மூளையையும் மந்தப்படுத்துவது. 1969இல் பெல்ஜியத்தின் ஜான்சென் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட லோபெரமைட்டோ, உரிய அளவில் மூளையைச் சென்றடையாது குடலிலேயே தொழிற்படுகின்றது. மலவாசற் தசையின் இறுக்கத்தையும் கூட்டுகின்றது. பை அழற்சியுறுமிடத்து மெற்றோனிடசோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் வேண்டப்படுகின்றன.

எத்தனை தடவை என்னும் கணக்கு வெறும் உடலியற் கணக்கன்று. தொழிலாளி எத்தனை தடவை பொறியை விட்டகலலாம் என்பதை விதிப்பது குடலன்று, உற்பத்தி உறவுகளே. எனவே இவ்வரலாறு சத்திரசிகிச்சைக் கூடத்தில் முடிவதன்று. நோயாளியின் வேலைநாளிலும் உறக்கத்திலும் வைத்தே அது எழுதப்படல் வேண்டும் என நாம் கருதுகின்றோம்.